டிராயரில் இல்லாத பெயர்

என் அக்கா பதினொரு வருடமாகப் பள்ளிச் சீருடைகளுக்குப் பெயர் தைக்கிறாள். சட்டைப் பையின் மேலே, நீல நூலில், ஒரு விரல் நீளத்துக்கு. அவள் வேலை செய்யும் கடையில் ஐந்து மெஷின்கள். சுவரோரம் நாற்பது சின்ன டிராயர்கள். அதிகம் பேர் கேட்கும் பெயர்களைத் துணித்துண்டுகளில் முன்பே தைத்து அவற்றில் போட்டு வைப்பார்கள். பள்ளி திறக்கும் வாரம் கூட்டம் நெருக்கும்போது, டிராயரைத் திறந்து துண்டை எடுத்துச் சட்டையில் வைத்துத் தைத்தால் வேலை முடிந்தது.

அக்காவின் பெயருக்கும் அங்கே ஒரு டிராயர் உண்டு. பள்ளியில் அவள் வகுப்பில் அதே பெயரில் ஐந்து பேர் இருந்தார்கள். டீச்சர் எண் போட்டுக் கூப்பிட்டார். அக்கா நான்காவது. இன்றும் தெருவில் பழைய தோழிகள், "ஏய் நாலு!" என்றுதான் கத்துகிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். ஒரு முறை மட்டும் என்னிடம் சொன்னாள்: "ஆண்டு விழாவுல பரிசுக்கு பேரு கூப்பிட்டாங்க. நான் மேடை வரைக்கும் போயிட்டேன். பரிசு ரெண்டாம் நம்பருக்காம்."

அதனால், மகள் பிறந்ததும் அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். பெயரைத் தான்தான் வைப்பேன் என்றாள்.

"பழைய பேரா இருக்கணும். கேட்டவங்க 'இது என்ன பேரு'ன்னு முழிக்கக் கூடாது. ஆனா பக்கத்து பெஞ்சுலயும் அதே பேரு உட்கார்ந்திருக்கக் கூடாது."

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தைக்காத பெயர்களை யோசித்து யோசித்துக் கழித்தாள். கடைசியில் ஒன்று நின்றது. அல்லி.

மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருடைய வீரம் அதோடு சரி. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய அக்காவைக் கண்டால் அவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"அல்லியா? ஏற்கெனவே இந்த வீட்டுல அல்லி ராஜ்ஜியம்தான் நடக்குது. இது வேறயா?" என்றார் நாத்தனார்.

"ராஜ்ஜியம் இருந்தா ராணி வேணும்ல, அண்ணி" என்றாள் அக்கா.

நாத்தனார் வைக்க நினைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் படிக்கும் உங்களில் பத்துக்கு ஒருவராவது என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

பெயரைப் பதிவு செய்யப் போவதற்கு முந்தின நாள் அவர் ஒரு குழந்தைப் போர்வையோடு வந்தார். மூலையில் அவர் சொன்ன பெயர், நீல நூலில்.

"உன் கடையிலயே சொல்லி ஸ்பெஷலா தைக்க வெச்சேன். பேரே ஏறிடுச்சு. இனிமே என்ன யோசனை?"

அக்கா பெயர்த் துண்டின் ஓரத்தை நகத்தால் நெம்பி அடிப்பக்கம் பார்த்தாள். எனக்கு அவள் அழுதுவிடுவாளோ என்றிருந்தது.

"அண்ணி, இது நான் தைச்சது. முடிச்சைப் பாருங்க, இடது பக்கம் இருக்கு. கடையில நான் ஒருத்திதான் இடதுகைக்காரி. ஏழு மாச வயித்தோட உட்கார்ந்து இந்தப் பேரை முப்பது தைச்சு டிராயர்ல போட்டேன். அதுல ஒண்ணை எடுத்து வெச்சுத் தைச்சுக் குடுத்திருக்காங்க."

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. "அதனால என்ன? நல்ல பேருன்னா நாலு பேரு வைக்கத்தான் செய்வாங்க."

"அந்த நாலாவது ஆளு நான்தான் அண்ணி. அது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும்."

சின்னக் கத்தரியால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். துண்டை மடித்து நாத்தனார் கையில் வைத்தாள். "வேற யாருக்காவது ஆகும். போர்வை நல்லாயிருக்கு, அதை நாங்களே வெச்சுக்கறோம்."

மறுநாள் பதிவு அலுவலகத்தில் எழுத்தர், "அப்பா சொல்லட்டும்" என்றார். மாமாவின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாமா தரையைப் பார்த்தார்.

"சார், உங்க பின்னால பதினஞ்சு பேரு நிக்கிறாங்க" என்றார் எழுத்தர்.

"நிக்கட்டும்" என்றாள் அக்கா. "இவரு வாயால வரணும். வேற பேரு வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அல்லி" என்றார் மாமா, தொண்டைக்குள்ளேயே.

"எனக்கே கேக்கலை" என்றாள் அக்கா.

"அல்லி!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மாமா அதை அணைத்தார்.

நாத்தனார் மூன்று வாரம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தார். தொட்டில் மேல் குனிந்து, தான் சொன்ன பெயரையே சொல்லிக் கொஞ்சினார்.

"அந்தப் பேருல இங்க யாரும் இல்லையே, அண்ணி. மாடி வீட்டுல ஒண்ணு, எதிர்வீட்டுல ஒண்ணு இருக்கு. வேணும்னா கூட்டிட்டு வரச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு அக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அல்லி என்று கூப்பிட்டால்தான் குழந்தை கைக்கு வரும் என்பது அக்காவின் சட்டம். நாத்தனார் இன்னும் கூப்பிடவில்லை. வாரா வாரம் வந்து கையை நீட்டி, "பாப்பாவைக் குடு" என்கிறார்.

"எந்தப் பாப்பா?" என்கிறாள் அக்கா.