ஊசி வாங்கியவர்கள் பட்டியல்

கதிரவன் சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசு லேபிள் வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவன் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் சொந்த ஊரான சாத்தூரை விட்டு, சிவகாசிக்குப் பக்கத்திலிருந்த எம். புதுப்பட்டிக்கு வாடகை வீடு பார்த்து வந்திருந்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஹார்மோன் ஊசியைக்கூட சிவகாசியில் வாங்காமல் விருதுநகருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கினான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் சீனிவாசகம் ஊசியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“கோவிச்சுக்கிடாதீக தம்பி. இனிமே டாக்டர் சீட்டு மட்டும் பத்தாது. ஆதாரு, போன் நம்பரு, வேலை பாக்குற எடம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். மேல இருந்து ஆர்டர்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“யாரு யாரு வாங்குறாகன்னு கவர்மெண்டு பாக்கணுமாம். எனக்கு மட்டும் ஆசையா?”

ஆதாரில் இன்னும் பழைய பெயர்தான். அதை மாற்ற மூன்று முறை அலைந்தவன். மூன்று முறையும் ஏதோ ஒரு தாள் குறைகிறதென்று திருப்பி அனுப்பினார்கள். ஊசி தள்ளிப்போனால் உடம்பு படுத்தும் பாடு அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையை நீட்டினான்.

பத்தே நாளில், சீசன் வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், டேப்லெட் கம்ப்யூட்டரும் கையுமாக, மருந்து விற்பனையைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துப் பெண் ஒருத்தி அச்சக வாசலில் வந்து நின்றாள். மெஷின் சத்தத்தை மீறிக் கத்தினாள்.

“ஹார்மோன் ஊசி வாங்குற ஆளு இங்கன யாரு? லிஸ்ட்ல பொம்பளப் பேரு இருக்கு, சீட்டுல கதிரவன்னு இருக்கு. சரிபாக்கணும்!”

ஃபோர்மேன் பால்பாண்டி மெஷின்களை நிறுத்தச் சொன்னார். “ஏலே கதிரவா, என்னலே இது?”

கதிரவன் அவளை வெளியே அழைத்துப் போவதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தினமும் உடன் உட்கார்ந்து சாப்பிடும் பிரபாகரன் அன்று தூக்குச்சட்டியோடு வேறு பக்கம் போனான். மறுநாள் பால்பாண்டி கதிரவனை மெஷினிலிருந்து எடுத்துப் பண்டல் கட்ட அனுப்பினார். “நாலு பேரு ஒரு மாதிரி பேசுறானுக. கொஞ்ச நாளைக்கு அங்கன இரு.”

திங்கட்கிழமை லீவு போட்டு, அந்தப் பட்டியலை வைத்திருந்த அலுவலகத்துக்குப் போனான். அங்கே போ, இங்கே போ என்று விரட்டி நாலாவது மேசையில் கொண்டுவந்து விட்டார்கள்.

“கம்பெனியில வந்து சத்தம் போடச் சொன்னது யாரு சார்?”

“கண்காணிப்பு தம்பி. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.”

“நல்லதுக்குன்னா போன்ல கேட்டிருக்கலாம்ல? அந்த நம்பரையும்தான வாங்குனீக?”

பதிலுக்கு ஒரு புகார்ப் படிவம் வந்தது. பெயர், ஆதார் எண், முகவரி, என்ன நோய், என்ன சிகிச்சை. கசக்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. எறியவில்லை. நோய் என்ற இடத்தில் எழுதினான்: ‘என் உடம்பைப் பற்றி நீங்கள் ஊருக்கே சொல்லிவிட்டீர்கள். புதிதாக எழுத ஒன்றுமில்லை.’

ஒரு மாதம் கழித்து போனில் செய்தி வந்தது: ‘சரிபார்ப்பு முடிந்தது. மனு முடித்துவைக்கப்பட்டது.’

கதிரவன் மறுபடியும் லீவு கேட்டான்.

“சம்பளம் பிடிப்பாகலே,” என்றார் பால்பாண்டி.

“பிடிச்சுக்கிடட்டும்.”

நாலாவது மேசையில் அன்று ஆளில்லை. எப்போது வருவார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது மனுவை எழுதத் தொடங்கினான்.