ரோஜாவுக்கு முட்டுக் கொடுத்த திராட்சைக் குச்சி

பக்கத்து வீட்டுத் திராட்சைக் கொடியைக் கொன்றவன் நான்தான். அந்த வீட்டுக்காரி என்னை நம்பி அதை என் கையில் ஒப்படைத்த நாளிலேயே அதைச் செய்தேன்.

உத்தமபாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல். என் நண்பர் வைத்த கொடி. அவர் இறந்தபின் அவர் மனைவி அதைப் பார்த்துக்கொண்டாள். என்னை அண்ணே என்பாள். பந்தல் அடர அடர, இந்தப் பக்கம் என் ரோஜாத் தொட்டிகளுக்குக் காலை வெயில் இல்லாமல் போயிற்று. மார்கழிப் பனியில் வெயிலும் கிடைக்காமல் இலையெல்லாம் சாம்பல் பூத்தது. பந்தலைக் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டேன்.

"வெயில நானா முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன்? தொட்டிய அங்கன நகட்டி வைங்கண்ணே" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. வேறு காரணம் சொன்னால் பொய்.

மார்கழிக் கடைசியில் கவாத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். கிளைகளை வெட்டி, அடித்தண்டின் செதில் பட்டையை உரித்துப் பூச்சிமருந்து தடவுவது இங்கே எல்லாத் தோட்டத்திலும் வழக்கம். நண்பரோடு நானும் நின்று செய்த வேலைதான். வெட்டிய குச்சிகளில் ஒன்றை, சாய்ந்து கிடந்த என் ரோஜாவுக்கு முட்டாக ஊன்றினேன். பிறகு என் வீட்டிலிருந்து மருந்துக் குவளையோடு திரும்பினேன். அவள் காபி போட உள்ளே போனாள். பச்சை தெரியும்வரை பட்டையைச் சீவிக் களைக்கொல்லியைத் தடவினேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன். எவ்வளவு ஆழம் போதும் என்று எனக்குத் தெரியும். அவள் கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கவாத்து செய்த கொடி பத்துப் பன்னிரண்டு நாள் செத்தது போலத்தான் நிற்கும். அதனால் தை பாதிவரை அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அப்புறம், மொட்டு விழிக்கத் தடவும் மருந்தை வாங்கி வந்து, துணி சுற்றிய குச்சியால் ஒவ்வொரு கணுவாகத் தொட ஆரம்பித்தாள். தினமும் பனி விலகுமுன் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும்.

"எந்திரிங்க. வெயிலு வந்துருச்சு. எம்மேல என்ன கோவம்?"

பிறகு, யாரோ பதில் சொன்னதுபோல, "அப்படியா? சரி, சரி" என்பாள். என் கையில் பூவாளி அப்படியே நிற்கும்.

ஒருநாள் சுவருக்கு மேலாக எட்டிச் சொன்னாள்: "அவுக கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாக அண்ணே. திவசத்துக்கு இந்தப் பழத்த வைக்காம கடையில வாங்கி வச்சேன்ல. அதுக்குத்தான்."

"பனி ஜாஸ்தி தாயி" என்றேன்.

அன்றிலிருந்து அவள் சாப்பாடு ஒருவேளையாகக் குறைந்தது. கன்னம் ஒட்டியது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மாசி பிறந்து வெயில் ஏறிய ஒரு காலையில் ரோஜாத் தொட்டியில் அந்த முட்டுக்குச்சி துளிர்த்திருந்தது. ஒரு வாரத்தில் அதன் பற்றுக்கம்பி ரோஜாத்தண்டை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டது. பிடுங்கப் பார்த்தேன். வரவில்லை. வேர் பிடித்திருந்தது. இன்னும் பலமாக இழுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல்:

"வந்துட்டீகளா?"

செத்த கொடியிடம்தான் கேட்டாள். அவள் தினமும் கேட்கிற கேள்விகளில் அது ஒன்றாக இருக்கலாம். குச்சியை விட்டுவிட்டேன்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துளிரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் காப்பி போட உள்ள போனப்பவா?"

"ஆமா."

"அப்ப அவுக கோவிக்கலயா?"

"இல்ல தாயி."

அன்று இரண்டு வேளையும் அவள் அடுப்படியிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது.

பழைய குழியை ஆழத் தோண்டி, மண் மாற்றி, அந்தக் கன்றை நானே நட்டேன். நன்றாக வளர்ந்தது. ஆனால் பந்தல் பக்கம் போகாமல் என் சுவரை நோக்கியே சாய்ந்தது. இழுத்துக் கட்டப் போனேன். "விடுங்கண்ணே. அது போற பக்கம் போகட்டும்" என்று தடுத்துவிட்டாள். இப்போது என் படுக்கையறை ஜன்னல் கம்பியை அது பிடித்திருக்கிறது. ரோஜா ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் கவாத்துக்கு என்னைத்தான் கூப்பிடுகிறாள். வேறு ஆளை வைத்துக்கொள் என்றால், "நீங்கதான் பண்ணணும். மருந்தையும் உங்க வீட்டுல இருந்தே கொண்டாங்க" என்கிறாள். வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டி என் மணிக்கட்டில் வழிகிறது. வேர் மேலே தள்ளும் நீர்தான் அது. வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இப்போது துடைத்துக்கொள்ள மனம் வருவதில்லை.

பட்டையை உரிக்க நான் குனிந்ததும் அவள் காபி போட உள்ளே போகிறாள். முன்பைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாள். அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தம் எதுவும் கேட்பதில்லை.