கையுறைக்குச் சாம்பிராணி

மெல்பேர்ன் ஐஸ் ஹொக்கி அரங்கில், வீரர்கள் உடை மாற்றும் அறைப் பக்கம் போனேன். சாம்பிராணி மணந்தது!

எனக்கு எட்டு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா என் முழுகின தலைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தா. பல்கலைக்கழக ஐஸ் ஹொக்கி அணிக்குப் புதிதாகக் கோச்சாகியிருந்த அப்பா, ஒரு பை நிறைய ஈரக் கையுறைகளைக் கொண்டுவந்து குசினியில் கொட்டினார். வியர்வை நாற்றம் மீன்குழம்பையே அமுக்கிவிட்டது.

"ஐயோ, வெளியில கொண்டுபோங்கோ!" என்று அம்மா கத்தினா.

"நாளைக்கு மட்ச். காயவேணும்."

அப்பா என் தலைக்குப் பிடித்த சாம்பிராணிச் சட்டியை இழுத்து, கையுறைகளை ஒவ்வொன்றாகப் புகைமேல் கவிழ்த்தார். அம்மா முணுமுணுத்தபடியே இன்னொரு பிடி சாம்பிராணி அள்ளித் தணலில் போட்டா.

தோற்றுக்கொண்டேயிருந்த அணி மறுநாள் வென்றது! அதற்குப் பிறகு புகை காட்டாத கையுறையை ஒருத்தரும் தொடவில்லை. முப்பது வருடம் மட்சுக்கு முதல்நாளெல்லாம் எங்கள் வீடு கோயில்போல மணந்தது.

போன வருடம் அம்மா இறந்தா. அதோடு அப்பா சட்டியைத் தூக்கி வைத்துவிட்டார்.

இன்று கோச்சாக அவருடைய கடைசி மட்ச். கதவைத் திறந்தேன். வெள்ளைக்காரக் கப்டன் பெடியன் தகரப் பேணியில் புகை போட, மற்றவர்கள் கையுறைகளோடு வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தீ அலாரம் அலறியது. எல்லாரும் சிரித்துக்கொண்டு வெளியே ஓடினோம்.

வாசலில் அப்பா. மூக்கை உறிஞ்சினார். கண் கலங்கியிருந்தது.

"இந்தப் புகை காணாது பிள்ளை," என்றார் என்னிடம். "அம்மா எண்டால் இன்னொரு பிடி போட்டிருப்பா."