சூட்டில் காய்ந்த மூட்டை

விதைக் கொட்டகையில் அவளைச் சுண்ணாம்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுழலும் உருளைக்குள் குதிரை மசால் என்ற தீவனப் பயிரின் விதையைக் கொட்டி, பசையைத் தெளித்து, நுண்ணுயிர்த் தூளையும் சுண்ணாம்புத் தூளையும் தூவிப் பூச்சு ஏற்றுவது அவள் வேலை. காலையில் கருப்பாக வரும் தலை மத்தியானத்துக்குள் வெளுத்துவிடும்.

"அக்கா, அதுக்குள்ள அறுபது வயசாயிடுச்சா?" என்று மூட்டை தைப்பவன் கிண்டல் செய்வான்.

"உன் வாயையும் உருளையில போட்டு ஒரு பூச்சு ஏத்தறேன், வா" என்பாள்.

அவளுடைய தம்பி கறவை மாடுகள் வைத்திருந்தான். வாங்கிப் போடும் தீவனம் கட்டுப்படியாகவில்லை. அதுவரை சோளம் மட்டுமே விளைந்த நிலத்தில் முதன்முறையாகக் குதிரை மசால் போடத் துணிந்தான். அது நன்றாக வந்தால் மாடுகள் கோடையைத் தாண்டும். இல்லையென்றால் விற்க வேண்டியதுதான்.

"புது மண்ணுக்கா. நல்லா வருமா?"

"என் கையால பூச்சு போட்டுத் தரேன்டா. வராம எங்க போகும்?"

பூச்சு ஏற்றிய விதையை நிழலில் பரப்பித்தான் உலர்த்துவார்கள். அன்று வானம் மூடிக் கிடந்ததில் ஈரம் போகவே இல்லை. ஈர விதை கையில் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழுகிறது என்று வாங்குபவர்கள் புலம்புவதை அவள் கேட்காத நாளில்லை. தம்பிக்கு அப்படிப் போகக் கூடாது. அவன் மூட்டைக்கான விதையை மட்டும், மக்காச்சோளம் காயவைக்கும் அனல் அறையில் விரித்துவைத்தாள். மாலையில் அள்ளிப் பார்த்தபோது மணல்போல விரலிடுக்கில் வழிந்தது. அவள் மனம் குளிர்ந்துபோனது.

விதை முளைக்கத்தான் செய்தது. பிறகு இலை வெளிறியது. அதே நாளில் அதே கொட்டகையில் வாங்கிப் போட்ட பக்கத்து வயல்காரரின் பயிர் முழங்கால் உயரம் கரும்பச்சையாக நின்றது. தம்பியின் பயிர் கணுக்காலைத் தாண்டவில்லை. அந்த மஞ்சள் தழையைத் தின்ற மாடுகளுக்குப் பாலும் வற்றிக்கொண்டே வந்தது.

இரண்டு வயலிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். மேற்பார்வையாளர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து வயல் வேரில் இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். தம்பியின் செடி வேர் மழித்துவிட்டதுபோல இருந்தது.

"இந்த முடிச்சுதான் காத்துல இருக்கற சத்தை இழுத்துச் செடிக்குக் குடுக்கும். உங்க விதையில இருந்த நுண்ணுயிர் செத்துப்போயிருக்கு. மூட்டை எங்கயாவது சூட்டுல கிடந்துச்சா?"

"இல்ல சார், நிழல்லதான் வச்சிருந்தேன்."

அவள் உருளையை நிறுத்தினாள்.

"நான்தான்டா. அனல் அறையில காயவச்சேன். ஒட்டாம விழட்டும்னு..."

தம்பி இரண்டு செடிகளையும் மேற்பார்வையாளரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அப்படியாக்கா" என்றான்.

இரண்டு மாடுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவற்றை லாரியில் ஏற்றினான். கயிற்றைப் பிடித்துக்கொடுக்கலாம் என்று அவள் போயிருந்தாள்.

"தூசி படும், தள்ளி நில்லுக்கா" என்றான் அவன். நாளெல்லாம் தூசியிலேயே நிற்பவள் தள்ளிப் போய் நின்றாள்.

அடுத்த பருவத்துக்கும் விதைக்கு வந்தான். அவளைத் தேடி உள்ளே வராமல் வரிசையில் நின்றான். அவளே ஓடி வந்து, "இருடா, உனக்குத் தனியா எடுத்து..." என்று தொடங்கினாள்.

"எல்லாருக்கும் குடுக்கறதையே எனக்கும் குடுக்கா. எனக்குன்னு ஒண்ணும் செய்யாத."

அவள் அடுக்கின் மேலே இருந்த மூட்டையைக் காட்டினாள். அவனே தூக்கிக்கொண்டு போனான்.