கதிரவெளியில் ஒரு மலை

"அன்ரி, உங்கட மெப்பில மலை இருக்கு. நாங்க அந்த இடத்திலதான் நிக்கிறம். வெறும் மணல்!"

"வடிவாப் பார் மனே. மலை எழும்பி நடந்து போகாது."

கொழும்பிலிருந்து கதிரவெளிக் கடற்கரைக்குக் கூடாரம் அடிக்க வந்த பொடியன் அவன். வாடிக்கையாளர் தெய்வம் என்று சொன்னவர் ஒருநாளும் தொலைபேசியைக் கையில் எடுத்திருக்க மாட்டார். மலையேறுகிறவர்களுக்கும் தோணி விடுகிறவர்களுக்கும் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி, மேடு பள்ளத்தோடு வரைபடமாக்கி இணையத்தில் அனுப்புவது என் தொழில். உயரங்களை ஒரு வெளிநாட்டுத் தளம் தருகிறது. பாதை, கிணறு, துறை, நிழல்மரம் எல்லாம் நான் கேட்டறிந்து போடுவது. சோற்றை வடித்துவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தி, ஊரார் வாயில் விழும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

"கொஞ்சம்கூட மேடு இல்லையா?" என்று விடாமல் கேட்டேன்.

"ஒரு ஆடு நிக்குது அன்ரி. இங்க அதுதான் உயரம்."

கோடு போதாதாம்

சமவுயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து என்று கொன்வென்றில் புவியியல் சிஸ்டர் அடிமட்டத்தால் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தார். வாவியும் வயல்வட்டையும் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிற மட்டக்களப்பில் கோட்டுக்கு நான் எங்கே போவேன்? வாவியில் கயாக் விட வந்த டொக்டர் அம்மா படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்புக்காகக் கோடுகளின் இடைவெளியை ஐந்து மீற்றருக்கு இறக்கினேன். அதன் பிறகு எல்லாப் படத்துக்கும் அதே கணக்குத்தான். சின்ன ஏற்றத்துக்கும் வளையம் விழுந்தது. கதிரவெளியில் மலை முளைத்ததும் அப்படித்தான்.

டொக்டர் அம்மாவுக்கு மட்டும் பரம திருப்தி. "இப்பதான் மெப் மாதிரி இருக்கு. முந்தி அனுப்பினது வெள்ளைக் கடதாசி."

சிவப்பு

சண்டை முடிந்த கையோடு சைக்கிளில் காடு பார்க்க வருகிறவர்கள் கூடிப்போனார்கள். மண்டையோட்டுப் பலகை நட்ட இடமெல்லாம் நான் சிவப்பு அடிப்பேன். பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று சொன்னாலும் அடிப்பேன். கண்ணிவெடிக்கு வாய் இல்லை, எனக்கு இருக்கிறது.

குடும்பிமலைக்குக் குறுக்குவழி கேட்ட பிள்ளை ஒருத்திக்குச் சுற்றுவழியைப் போட்டு, ஓரத்தில் "தண்ணீர் கொண்டுபோ, தொப்பி போடு, இருட்டுமுன் திரும்பு" என்றும் எழுதி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அன்ரி, நான் மெப்தான் கேட்டன். நீங்க எங்கட அம்மாவை மடிச்சு அனுப்பியிருக்கிறீங்க."

மலைக்குச் சொந்தக்காரர்

கூடாரப் பொடியன்களை ஏற்றிப்போன வான்காரர் யோகராசா ஒருநாள் படலையில் வந்து நின்றார். தன்னாமுனையில் இருக்கிறவர். பொடியன்கள் வானுக்குள் எறிந்துவிட்டுப் போன என் படம் அவர் கையில். இவரும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் முந்திக்கொண்டேன்.

"பிழைதான் தம்பி. இப்பவே அழிக்கிறன்."

"ஐயோ அக்கா, அழிச்சுப்போடாதீங்க! இந்த உயரம் எப்ப எடுத்தது?"

தளத்தில் தேடினேன். சுனாமிக்கு முன்பு எடுத்ததாம். மேலிருந்து அளக்கும் கருவி, அடர்ந்த மரத்தின் தலையைத் தரையென்று எண்ணிவிடுமாம். வாசித்துச் சொன்னேன். அவர் விரலை அந்த வளையத்தின் மேல் வைத்தார்.

"இது எங்கட தென்னந்தோட்டம். இந்த வடக்கு முனையிலதான் வீடு."

தோட்டம், வீடு, மனைவி எல்லாவற்றையும் கடல் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. தோளில் ஏறியிருந்த மகள் மட்டும் மிச்சம். பிறகு சண்டையில் றோட்டு மூடுண்டு கிடந்தது. றோட்டுத் திறந்த பிறகு போய்ப் பார்த்தால் வேலியுமில்லை, கிணறுமில்லை. எங்கே பார்த்தாலும் ஒரே மணல்.

"நினைவுநாளுக்கு விளக்கு வைக்கப் போறம் அக்கா. 'அம்மா எங்க நிண்டவ?' எண்டு கேப்பாள். நானும் ஒரு இடத்தைக் காட்டுவன். போன முறை, 'அப்பா, போன வருசம் அங்கால காட்டினீங்களே' எண்டு கேட்டுட்டாள்."

திரும்பவும் போன்

அன்றைக்கே படத்தைப் பெருப்பித்து, றோட்டு வளைவில் தப்பி நிற்கும் மதகிலிருந்து அந்த முனைக்குத் திசையும் தூரமும் குறித்துக் கொடுத்தேன். கிட்டத்தட்டத்தான் காட்டும், சுற்றிவரத் தேடவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

நினைவுநாளன்று காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. யோகராசாவின் மகள். மண்வெட்டியால் மணலைக் கிளறக் கிளற வரிசையாகத் தென்னங்குத்திகள் வந்தனவாம். வரிசை முடிகிற இடத்தில் கிணற்றுக்கட்டின் விளிம்பாம்.

"அன்ரி, உங்கட மலை இங்கதான் இருக்கு. மணல் மூடிக் கிடக்கு. அப்பா விளக்கை வெச்சிட்டு எழும்பமாட்டன் எண்டு இருக்கிறார்."

தளத்துக்கு எழுதியது

இப்போது அந்தத் தளம் பழைய உயரங்களைத் தூக்கிவிட்டுப் புதிதாக அளந்தவற்றைப் போடப் போகிறதாம். சிஸ்டர் பார்த்தால் மெச்சும் ஆங்கிலத்தில் உடனே எழுதினேன். "ஐயாமாரே, கதிரவெளிக் கரையில் உங்கள் படத்தில் ஒரு மலை இருக்கிறது. அது பிழை. தயவுசெய்து அதைத் திருத்தாமல் விடுங்கள்." கிழமைக்கு ஒருதரம் இதையே திரும்பவும் அனுப்புகிறேன்.

மலையைக் காணவில்லை என்று என்னோடு மல்லுக்கட்ட ஊரே திரண்டு வரும், கண்டெடுத்த மலையை விட்டுவையுங்கள் என்று கேட்டால் மறுமொழி போட ஒரு மனிதர் இல்லை.