வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீடு

திருவனந்தபுரத்தில் நான் வாடகைக்காரன். இரண்டு மணி நேர ரயில் தூரத்தில், நாகர்கோவிலில், வீட்டுக்காரன். இரண்டு ஊரிலும் எனக்கு மரியாதை இல்லை என்பது வேறு விஷயம்.

சென்ற வருஷக் கடைசியில் ஒருநாள், மாடியில் இருக்கும் வீட்டுக்கார டீச்சர் படியிறங்கி வந்தார்.

"சாரே, மோன் கல்ஃபை விட்டு வரான், பெண்டாட்டி பிள்ளைங்களோட. கீழ்வீடு வேணும். ஒண்ணும் நினைக்கப்பிடாது, கேட்டோ."

நினைத்தேன். அதோடு நிற்காமல் சட்டத்தையும் அச்செடுத்துப் படித்தேன். கேரளத்தில் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தாலும் வாடகைக்காரனை லேசில் கிளப்ப முடியாது. வீடு தமக்கோ, தம்மைச் சார்ந்த குடும்பத்தாருக்கோ உண்மையிலேயே தேவை என்று வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டும். பதினெட்டு வருஷம் துபாயில் சம்பாதித்தவன் எப்படி அம்மாவைச் சார்ந்தவன் ஆவான்? பென்சிலால் அடிக்கோடிட்டேன்.

தோற்றால் நாகர்கோவில் வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே ஒன்பது வருஷமாக ஒரு தையல்காரரின் குடும்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் புதுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதே காலிசெய்யச் சொல்லக் காரணமாகலாம். நான் ஒப்பந்தம் எழுதியதே இல்லை. என் சோம்பேறித்தனம் எனக்கு உதவ முன்வந்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

"இங்க எறங்க மாட்டேன்னு ஒரு சட்டம், அங்க எறக்குவேன்னு ஒரு சட்டம்," என்றாள் மனைவி. "நல்லாத்தான் இருக்கு."

நாகர்கோவிலுக்குப் போன் போட்டேன். தையல்காரரின் மனைவி எடுத்தார்.

"அண்ணாச்சி, நானே கூப்பிடணும்னு நெனச்சேன். மவளுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு போட்டு நேத்துதான் கூட்டிட்டு வந்தோம். நீங்க என்ன விசயமா போன் போட்டிய?"

"சும்மாதான்," என்றேன்.

வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும்போது எங்கள் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. மீறியவரையும் நான் பார்த்ததில்லை.

மாடியேறினேன். இனி இங்கேயே வேறு வீடு பார்க்க வேண்டும், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை மாசம்?"

"ஏழு."

டீச்சர் விரல் மடக்கினார். "பிரசவம் கழிஞ்சு தொண்ணூறு நாளும் ஆவட்டும். அதுவரை இங்கயே இருங்க. மோன் இங்க ஹால்ல கிடப்பான்."

"டீச்சரே, பிள்ளைத்தாச்சி அங்கல்லா இருக்கா?"

"உங்களை எறக்கினா நீங்க அவளை எறக்குவீங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

துபாய்க்காரர் இரண்டு மாதமாக ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். படியில் பார்த்தால், "குட்டி வந்தாச்சா, சாரே?" என்பார்.

போன வாரம் வந்தாயிற்று, பெண். பிரசவ லேகியத்தை டீச்சரே கிண்டி, பாட்டிலில் அடைத்து என்னிடம் தந்தார். நெய் கசியும், சுற்றக் காகிதம் வேண்டும் என்றார். கைக்கு அகப்பட்டவை பென்சிலால் அடிக்கோடிட்ட பக்கங்கள்தான். நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் அவை நன்றாக நனைந்துவிட்டன.