செக்கிங் ஞாயிறு

உப்பள மேஸ்திரி வேலையில் வெயிலைத் திட்டலாம், மழையைத் திட்டலாம். வராத ஆளைத் திட்டினால் மறுநாளும் வரமாட்டான். ஆள் வைத்து வேலை வாங்கும் உங்களுக்குத் தெரியாததா?

வராத ஆள்

2005இல் மரக்காணம் உப்பளத்துக்கு இலங்கை அகதி முகாமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவன் யோசேப்பு, மன்னார்க்காரன். அவன் உப்பு வாரினால் பாத்தியில் அடிமண் கலங்காது. பெண்டாட்டி கடல் தாண்டும்போதே செத்துப்போய்விட்டாள். மேரி என்று ஒரே மகள்.

ஞாயிறு மட்டும் வரமாட்டான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு காலையில் முகாமில் செக்கிங். குடும்பத்துக்குப் பெரியவர் ஒருவர் வரிசையில் நின்று தலையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பெயர் வெட்டு. அரிசி, உதவிப் பணம், வீடு எல்லாம் போச்சு.

"சரி, மத்த ஞாயிறு வர்றதுக்கு என்னப்பா கேடு?" என்றேன்.

"அண்டைக்குத்தானே ஐயா பூசைக்குப் போறன். அதுவும் இல்லையெண்டா நான் ஆர்?"

ஆடிக் கூழ்

அந்த ஆடியில் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அது செக்கிங் ஞாயிறு. அதிகாரி செக்கிங்கைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார். நல்ல காரியம். முகாமே கூழ் குடிக்க வந்தது. யோசேப்பும் சொம்போடு நின்றான்.

"என்னப்பா, எங்க ஆத்தா கூழு எறங்குதா?" என்றேன்.

"இறங்குது ஐயா. செக்கிங்கைத் தள்ளலாம் எண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது."

புதுநன்மை

அடுத்த வருஷம் ஈஸ்டர் கழிந்து மேரிக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பெற்றவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பாழாய்ப்போன செக்கிங்கும் அன்றைக்கே. புதுநன்மை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துக் குறித்த நாள், மாற்ற வழியில்லை.

சிபாரிசுக்கு நானும் போனேன். அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"ஆடியில தள்ளினீங்களே சார்."

"அது ஊர்த் திருவிழா மேஸ்திரி. இது அவங்க சாமி சமாச்சாரம்."

பக்கத்து இடம்

மேரியை நான்தான் மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வெள்ளை கவுன், கையில் மெழுகுவத்தி. எப்போது முட்டி போடுவது, எப்போது எழுவது, ஒன்றும் தெரியாது. முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பிள்ளை வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

முகாமுக்குத் திரும்பினால் வரிசை இன்னும் கலையவில்லை. அதிகாரி தாமதமாக வந்தாராம். யோசேப்பு வெயிலில் நின்றான். மகள் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கி, கருகின திரியைத் தடவினான்.

"பேர் கூப்பிட்டாச்சா?" என்றேன். வேறென்ன கேட்பது?

"கூப்பிட்டவை ஐயா. 'இருக்கிறன்' எண்டு சொன்னன். பிள்ளைக்குப் பக்கத்திலதான் இல்லை."

மதம் பார்க்காத விதி என்கிறார்கள். பார்க்காமலேயே அது எவன் தலையில் உட்கார வேண்டுமோ அவன் தலையில் சரியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.